காற்றில் போகும் துகளின் கணக்கு

1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி, திங்கட்கிழமை காலையில், ஸ்வீடன் தேசத்து ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணிகளில் கதிரியக்கம் ஒட்டியிருப்பதைச் சோதனைக் கருவி அறிவித்தபோது, அங்கிருந்தோர் முதலில் சந்தேகித்தது தங்கள் நிலையத்தையேதான். உலைகளில் கசிவு ஏதும் இல்லை என்று நிச்சயமான பிறகு, சிக்கிய தூசியின் தன்மையையும் முந்தைய நாட்களில் வீசிய காற்றின் திசையையும் சேர்த்து நோக்கியவர்கள், அது சோவியத் பூமியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். சுமார் 1,100 கிலோமீட்டருக்கு அப்பால் செர்னோபில் உலை வெடித்து அதற்குள் இரண்டு நாட்கள் கழிந்துவிட்டன. அன்று இரவுதான் மாஸ்கோ வாய் திறந்தது.

காற்றில் கலந்த துகள் எங்கே போகும், எப்போது போய்ச் சேரும், எவ்வளவு செறிவோடு தரையில் இறங்கும் என்பதைக் கணிக்கும் சாஸ்திரம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் நாடுகளைக் கடந்து செல்லும் நச்சுத் தூசியைச் சில மணி நேரத்துக்குள் கணக்கிட்டாக வேண்டும் என்ற அவசரம் அரசாங்கங்களுக்கு உறைத்தது அந்த விபத்தினால்தான். பிரிட்டிஷ் வானிலை அலுவலகம் 'நேம்' என்ற கணிப்பொறி மாதிரியை உருவாக்கியது அதன் பின்னரே.

இந்தச் சாஸ்திரத்தின் மூலபுருஷர்களில் ஒருவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். காற்றில் விடப்பட்ட இரு துகள்கள் நெருங்கியிருக்கும் வரையில் சிறு சுழல்கள் மட்டுமே அவற்றைப் பிரிக்கின்றன என்றும், தூரம் கூடக் கூடப் பெருஞ்சுழல்களும் அந்தக் காரியத்தில் சேர்ந்துகொள்வதால் பரவலின் தீவிரம் இடைத்தூரத்தின் 4/3 அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது என்றும் 1926-ல் அவர் எடுத்துக்காட்டினார். யுத்தத்தை வெறுத்த க்வேக்கர் சமயத்தவரான அவர், தாம் பணிபுரிந்த வானிலை அலுவலகம் விமானத்துறை அமைச்சின் கீழ்ச் சென்றபோது, 1920-ல், மனச்சாட்சியை முன்னிட்டு உத்தியோகத்தையே துறந்தவர் என்பதையும் இவ்விடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இன்றைய கணிப்பொறி, துகள் புறப்பட்ட இடத்திலிருந்து லட்சக்கணக்கான கற்பனைத் துகள்களை ஆகாயத்தில் விடுகிறது. வானிலைக் கணிப்பு தரும் சராசரிக் காற்று ஒவ்வொன்றையும் ஒரு திசையில் கொண்டு செல்ல, கொந்தளிப்பின் பொருட்டுத் தற்செயலான சிறு தள்ளல் ஒன்று ஒவ்வொரு கணமும் கூட்டப்படுகிறது. கனத்த துகள்கள் தாழ இறங்குகின்றன. மழை குறுக்கிட்டால் கழுவப்படுகின்றன. கதிரியக்கத் துகளாயின், அயோடின்-131 எட்டு நாட்களிலும் சீசியம்-137 சுமார் 30 ஆண்டுகளிலும் பாதியாகக் குறையும் கணக்கும் சேர்கிறது. பின்பு ஆகாயத்தைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, எந்த அறையில் எத்தனை துகள்கள் என்று எண்ணிச் செறிவை நிர்ணயிக்கிறார்கள்.

இவற்றுள் மழையின் பங்கை மறந்தால் கணக்கு முழுவதும் வீணாகும். செர்னோபில் மேகம் பிரிட்டனின் மீது சென்ற மே மாதத் தொடக்க நாட்களில், வேல்ஸ், கம்ப்ரியா முதலிய மலைப் பிரதேசங்களில் பெருமழை கொட்டியது. மழை விழுந்த மேய்ச்சல் நிலங்களில் சீசியம் தங்கிவிட, அங்கே ஆடு வளர்த்தவர்கள் மீது விதிக்கப்பட்ட கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது 2012-ல். எங்கோ ஓர் உலையில் நேர்ந்த தவறுக்கு, ஒரு சில நாட்களின் மழை காரணமாக, அந்த எளிய குடியானவர்கள் 26 ஆண்டுகள் விலை கொடுத்தார்கள்.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எயாஃப்யாட்லயோகுட்ல் எரிமலை சாம்பலைக் கக்கியபோது, இத்தகைய கணிப்பொறிக் கணக்கின்பேரில் ஐரோப்பிய ஆகாயத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ ஒரு வாரம் மூடப்பட்டு, சுமார் ஒரு லட்சம் விமானப் பிரயாணங்கள் நின்றுபோயின. சாம்பல் புகுந்தால் நேரும் அபாயம் கற்பனையன்று. 1982-ல் ஜாவாத் தீவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் சிக்கிய பிரிட்டிஷ் விமானமொன்றின் நான்கு எஞ்சின்களும் நடுவானில் நின்று, பின்னர் மீண்டும் இயங்கின. ஆயினும் ஐஸ்லாந்து விஷயத்தில் கணிப்பொறியை மட்டும் குறை கூறியவர்கள் ஓர் உண்மையைக் கவனிக்கவில்லை. எரிமலை கக்கும் சாம்பலின் அளவை நேரில் நிறுக்க முடியாது. புகைத்தூணின் உயரத்தைக் கொண்டே அதை அனுமானிக்க வேண்டும். அந்த அளவோ உயரத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்காக வளர்வது. உயரம் இரு மடங்கானால் சாம்பல் பதினாறு மடங்குக்கு மேல். ஆகவே உயரத்தில் நேரும் சிறு பிழையும் சாம்பலின் அளவில் பெரும் பிழையாகிவிடும். காற்றின் போக்கைக் கணிப்பதில் விஞ்ஞானம் வெகுதூரம் முன்னேறியிருந்தும், புறப்பட்ட இடத்தில் எவ்வளவு வெளிப்பட்டது என்ற முதல் எண்ணே இன்றும் இந்தக் கணக்கில் பலவீனமான இடம்.

நம் கல்பாக்கம் கடற்கரையில் பணிபுரியும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகளும் இத்தகைய மாதிரிகளை இயக்கிப் பார்க்கிறார்கள். பகலில் புகும் கடற்காற்று அங்கே திசையையே மாற்றிவிடுவதால், பரந்த நிலப்பரப்புக்கென்று வகுத்த சூத்திரம் அவ்விடத்துக்குப் போதாது.

கணக்கைப் பின்னோக்கி ஓட்டவும் முடியும் என்பதே இவ்விஞ்ஞானத்தின் சிறந்த பயன் என்பது என் கருத்து. 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் ஐரோப்பாவின் பல நாடுகளில் ருத்தேனியம்-106 காற்றில் தென்பட்டது. அளவு சொற்பமாகையால் அங்குள்ளோர் உடல்நலத்துக்குத் தீங்கில்லை என்றாலும், பல நிலையங்களின் அளவீடுகளைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டபோது, அது ருஷ்யாவின் தென் யூரல் பிரதேசத்தைச் சுட்டியது. ருஷ்ய அதிகாரிகள் மறுத்தார்கள். செர்னோபில் விபத்து நிகழ்ந்த அதே ஆண்டில் வியன்னாவில் நிறைவேறிய சர்வதேச உடன்படிக்கையோ, எல்லை கடக்கும் கதிரியக்கம் வெளிப்பட்டால் அதன் இடம், காலம், தன்மை ஆகியவற்றைத் தாமதமின்றி அறிவிக்க அரசுகளைக் கடமைப்படுத்துகிறது. 2017-ல் அப்படி எந்த அரசும் அறிவிக்கவில்லை.