கழறும் பாங்கன்

காதலை இருவர்க்கு மட்டுமே உரிய செய்தியாகத் தமிழ் அகப்பாட்டுக் கொள்வதில்லை. தலைவிக்குத் தோழி உண்டு. தலைவனுக்குப் பாங்கன் உண்டு. இருவரையும் சூழ்ந்து ஊராரின் அலர் எழும். தலைவன் மெலிந்து தன் நிலை மறந்து நிற்கும்போது பாங்கன் அவனைக் கடிந்துரைப்பான். கழறல் என்பது அதற்குப் பெயர்.

அக்கழறலுக்குத் தலைவன் கூறும் விடையாக அமைந்தது வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 58ஆம் பாட்டு. வெயில் காயும் பாறையில் வைத்த வெண்ணெய் உருகுகிறது. அதைக் காக்க இருப்பவனோ கையில்லாத ஊமை. எடுக்கவும் இயலாது, பிறரைக் கூவி அழைக்கவும் இயலாது. தன் காதல் நோயும் அவ்வாறே பரவுகிறது என்கிறான் தலைவன். கடிந்துரைக்கும் நண்பர் அந்நோயைத் தடுத்து நிறுத்த வல்லாராயின் அதுவே நன்று என்பது அவன் வேண்டுகோள். வெறுஞ்சொல் அவனுக்குப் போதவில்லை.

பாங்கனை இக்கால மாணவர் நடுவே கொண்டுவந்து நிறுத்திய நாவல் மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’. 1958இல் வெளிவந்த இந்நூல் 1961இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. ஆசிரியர் 1939 முதல் 1961 வரை சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பணியாற்றியவர். தாமே பயின்று வித்துவான் தேர்வில் தேறியவர். விடுதி அறையில் இளைஞர் எவ்வாறு ஒருவரையொருவர் உருவாக்குகின்றனர் என்பதை நாள்தோறும் கண்டவர் எழுதிய கதை இது.

சந்திரன் அழகும் அறிவும் ஒருங்கே வாய்ந்தவன். வேலய்யன் எதிலும் நடுத்தரமானவன். வாலாசாவில் பள்ளித் தோழராய்த் தொடங்கும் இவர்கள் உறவு சென்னைக் கல்லூரி வாழ்வு வரை வளர்கிறது. அங்கே இமாவதி என்னும் பெண் இயல்பாகக் காட்டும் அன்பைச் சந்திரன் காதலெனக் கொண்டு மயங்குகிறான். மயக்கம் உடைந்தபோது கல்வியையும் உற்றாரையும் துறந்து மறைகிறான். அவன் வீழ்ச்சிக்குக் காதல் மட்டுமே காரணம் அன்று. சிறுவயது முதல் கண்டவரெல்லாம் அவனை விரும்பினர், புகழ்ந்தனர். தான் விரும்பப்படாத ஓர் இடமும் உலகில் இருக்கக்கூடும் என்பதை அவன் கற்கவே இல்லை. தோழரின் ஏளனம் ஒருவனைக் கெடுப்பது போலவே தோழரின் வியப்பும் கெடுக்கும். முன்னதைப் பலரும் எழுதினர், பின்னதைக் கண்டவர் சிலரே.

கதையைச் சொல்பவன் வேலய்யன் என்பதே இந்நாவலின் உயிர்நிலை. கெதே 1774இல் வெளியிட்ட வெர்தர் கதையோடு இதை ஒப்பிடலாம். அங்கே காதலில் நொந்த இளைஞன் தன் நண்பன் வில்லெல்முக்கு மடல் மேல் மடலாக எழுதுகிறான். நண்பன் விடை எழுதினான் என்பது குறிப்பால் தெரிகிறதேயன்றி அவன் மடல் ஒன்றும் நூலில் இல்லை. காதலன் குரல் ஒன்றே கேட்பதால் படிப்பவரும் அவனோடு சேர்ந்து உருகுகின்றனர். அக்காலத்து ஐரோப்பிய இளைஞர் பலர் வெர்தரைப் போல நீலச் சட்டையும் மஞ்சள் உள்சட்டையும் அணிந்து திரிந்தனர். ‘அகல் விளக்கு’ படித்தவர் சந்திரனைப் போல உடுக்க விரும்பார். நண்பன் கண்ணால் அவனைக் காண்கிறோம்; இரங்குகிறோம்; மயங்குவதில்லை.

குறை இல்லாத நூல் அன்று இது. மாந்தர் பலர் கட்டுரை போலப் பேசுகின்றனர். இமாவதியின் உள்ளத்தை ஆடவர் வாயிலாகவே அறிய வேண்டியிருக்கிறது. நெறி தவறியவனுக்கு நோயையும் சாவையும் விதித்ததும் மிகை. வாழ்ந்து திருந்தும் வாய்ப்பு அவனுக்கும் அளிக்கப்பட்டிருக்கலாம்.

மலையகத்தில் இந்நூலைப் படிக்கும் இளைஞருக்கு அதில் வேறொரு பொருளும் தோன்றும். பொல்பிட்டியவைச் சூழ்ந்த தோட்டங்களிலும், அட்டன் வரையுள்ள பிற தோட்டங்களிலும், லயத்து வாழ்வில் தனிமை என்பது அரிது. ஒருவன் யாரோடு பேசினான் என்பது மாலைக்குள் எல்லா வாசலுக்கும் எட்டிவிடும். அலர் என்னும் சொல்லுக்கு அங்கே உரை வேண்டா. சாதாரண தரம் முடியுமுன்னே கொழும்புக் கடைக்கு வேலைக்குச் சென்ற தோழன் தீபாவளிக்குப் புதுச் சட்டையும் கைப்பேசியுமாக வந்திறங்கினால், வகுப்பில் எஞ்சியிருப்பவன் நெஞ்சமும் பேருந்தேறிவிடுகிறது. அவனோடு ஒரு பெண்ணின் கனவும் சேர்ந்து புறப்படுவதுண்டு. ‘தூரத்துப் பச்சை’, ‘மலைக்கொழுந்து’ முதலிய நாவல்கள் தோட்ட மக்களின் உழைப்பையும் துயரையும் பேசின. வகுப்பறையின் கடைசி வாங்கில் அமர்ந்து, போவதா இருப்பதா என்று தோழன் முகத்தைப் பார்க்கும் பதினாறு வயதினரின் கதைக்கு அங்கே இன்னும் இடம் நிறைய உண்டு.

அக்கதையை எழுத வருபவர், போனவனைக்கொண்டு சொல்லுவிப்பதா, பள்ளியில் தங்கியவனைக்கொண்டு சொல்லுவிப்பதா என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். தங்கியவன் சொன்னால், பேருந்து புறப்படுமுன் தோழனிடம் தான் என்ன சொன்னான், எதைச் சொல்லாமல் விட்டான் என்பதையும் அவன் ஒளிக்காமல் எழுத நேரும்.