வயலின்களுக்குள் ஒரு தேவாலயம்

வெள்ளையடித்து முடித்த புது வீட்டுக்குள், சாமான் இறக்குவதற்கு முன்னால் போய்க் கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் அறைக்குள்ளேயே சுற்றும். மெத்தையும் திரைச்சீலையும் துணி அலமாரியும் வந்து சேர்ந்த பிறகு தட்டினால் 'டப்'. அத்தோடு சரி.

காரணம் எளியது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். சுவர் 17 மீட்டருக்கு அப்பால் இருந்தால் போய்த் திரும்ப பத்தில் ஒரு நொடி ஆகும். நம் காதுக்கு அது தனி எதிரொலியாகக் கேட்கும். சுவர்கள் கிட்டே இருந்தால், திரும்பி வரும் ஒலிகளைப் பிரித்தறியக் காதுக்கு நேரம் கிடைக்காது. எல்லாம் கலந்து, முதல் ஒலியின் பின்னால் இழுபட்டுக்கொண்டே வரும். இதை எதிர்முழக்கம் என்பார்கள். சுண்ணாம்புச் சுவரும் கல்லும் ஒலியைத் திருப்பி அனுப்பும். பஞ்சும் துணியும் விழுங்கிவிடும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் ஒரு வில்லங்கம். புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் ஆசிரியர் சொல்வது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் வந்து மோதின. இதைச் சரிசெய்ய வந்தவர் வாலஸ் சேபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் சுமந்து வந்து போடுவார். ஆர்கன் குழல் ஒன்றை ஊதவிட்டு நிறுத்தி, சத்தம் முழுதாய் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போய்விட வேண்டும்! கூடம் பெரிதானால் முழக்கம் நீளும், மெத்தை கூடினால் குறையும் என்பதை இப்படித்தான் கணக்காக எழுதினார்.

இனி வானொலிக்கு வருவோம். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதால் ஒலிபரப்பு அறைகளின் சுவர்களில் ஒலியை விழுங்கும் பொருள்களைப் பதித்திருப்பார்கள். செய்தி வாசிக்க அது நல்லது. வயலினுக்கு நல்லதில்லை. பெரிய மண்டபத்தில் மிதந்து வரும் நாதம் அங்கே வறண்டுபோய்விடும்.

அறையை மாற்றாமல் மண்டபத்தைக் கொண்டுவர முடியுமா? முடியும் என்று காட்டியவர் இங்கிலாந்தின் டார்பி நகரில் 1910-இல் பிறந்த ரொனால்ட் பிஞ்ச். சிறுவனாகத் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர்; பிறகு சினிமாக் கொட்டகையில் ஆர்கன் வாசித்தவர். 1935 முதல் மாண்டோவானி என்ற இசைக்குழுத் தலைவரிடம் அரேஞ்சராக இருந்தார். பாட்டு வேறொருவர் போட்டதாக இருக்கும். எந்த வாத்தியம் எந்தச் சுரத்தை எப்போது தொட வேண்டும், எப்போது விட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் எழுதித் தருவது அரேஞ்சர் வேலை. இசைத்தட்டு உறையில் பெரிய எழுத்தில் வருவது குழுத் தலைவரின் பெயர்தான். இது நியாயமில்லை என்பது என் கட்சி.

1951-இல் 'சார்மெய்ன்' என்ற பழைய மெட்டு பிஞ்சின் மேசைக்கு வந்தது. 1926-இல் ஒரு மௌனப் படத்துக்காகப் பிறந்த பாட்டு அது. வெனிஸ் நகரின் பெரிய தேவாலயத்தில் இசை எப்படி முழங்கும் என்பது பிஞ்சின் மனத்தில் இருந்தது. அங்கே மான்டெவெர்டி என்ற மேதை இசைப் பொறுப்பில் இருந்தது 17-ஆம் நூற்றாண்டில். அந்த முழக்கத்தைத் தாளில் எழுதிவிட்டார் பிஞ்ச். இயந்திரம் எதுவும் இல்லை!

எப்படி? மெட்டு ஸ, ரி, க, ம என்று போவதாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக எல்லா வயலின்களும் நான்கையும் சேர்ந்தே வாசிக்கும். பிஞ்ச் வயலின்களைப் பிரிவுகளாகப் பிரித்தார். முதல் பிரிவு ஸ-வைத் தொட்டு இழுத்துக்கொண்டே இருக்கும். அது முடிவதற்குள் இரண்டாம் பிரிவு ரி-யைத் தொடங்கும், அதுவும் நீளும். பிறகு மூன்றாம் பிரிவின் க, நான்காம் பிரிவின் ம. முழு மெட்டை யாருமே வாசிக்கவில்லை! ஆனால் கேட்பவருக்கு மெட்டு தெளிவாகக் கேட்கும். புதிதாகத் தொடங்கும் ஒலியின் பின்னாலேயே நம் காது ஓடும். இழுபட்டுக்கொண்டிருக்கும் பழைய ஒலி பின்புலமாகிவிடும். தேவாலயத்துக் கல்சுவர் செய்யும் வேலையை அங்கே மனிதக் கைகள் செய்தன.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. ஸ நொடிக்கு 240 அதிர்வு என்றால் ரி 270. இரண்டும் ஒரே பலத்தில் சேர்ந்து நின்றால் காதில் கரகரக்கும். அதனால் பழைய சுரம் எவ்வளவு மெலிய வேண்டும், எந்த இடத்தில் விலக வேண்டும் என்று அரேஞ்சர் ஒவ்வொன்றாக யோசித்தாக வேண்டும். கொஞ்சம் கூடினால் குழப்பம். கொஞ்சம் குறைந்தால் பழையபடி வறட்சி.

இசைத்தட்டு அமோகமாக விற்றது. 'அருவி போல் வழியும் தந்திகள்' என்று மாண்டோவானி குழுவுக்கே அது அடையாளமாகிவிட்டது. பிஞ்ச் தாமே மெட்டுகள் எழுதினார். பிபிசி வானொலியில் 1955 முதல் 1963 வரை 'ஸ்ட்ரிங் சாங்' என்ற தொடர் நிகழ்ச்சியை நடத்தினார். 1963-இல் அவர் எழுதிய 'செய்லிங் பை' பிற்பாடு பிபிசி ரேடியோ 4-இல் நள்ளிரவு தாண்டி வரும் கடல் வானிலை அறிவிப்புக்கு முன் ஒலிக்கும் இசையானது. நடுக்கடலில் வானொலிக் குமிழைத் திருகுகிறவர் இந்த மெட்டைப் பிடித்துவிட்டால் சரியான நிலையத்துக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த வித்தையை நீங்களே செய்யலாம். நான்கு பேர் சேருங்கள். ஆளுக்கு ஒரு சுரம். முதல் ஆள் ஸ-வை அழுத்தித் தொடங்கி, உடனே குரலைத் தணித்து நான்கு தட்டு நீட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்த ஆள் சேர்ந்துகொள்ள வேண்டும். முதல் தடவை சிரிப்புத்தான் வரும். சரியாக வந்ததும், மெத்தை போட்ட அறையில் வைத்தே கைபேசியில் பதிந்து கேளுங்கள். பிறகு நான்கு தட்டை இரண்டாகக் குறைத்துப் பாடுங்கள்: மண்டபம் சிறிதாகியிருக்கும். ஆறாகக் கூட்டினால் பெரிதாகும். ஆனால் க வரும்போது யாருக்கு மூச்சு முட்டுகிறது என்றும் கவனியுங்கள்.