பழைய மடிக்கணினியின் திரையும் ஒலியும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொரோனாத் தொற்றின் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் ஒரே கைத்தொலைபேசியைச் சுற்றிப் பல பிள்ளைகள் அமர்ந்து பாடங் கேட்கும் நிலை உண்டாயிற்று. பெரிய திரையின் அருமை அன்று புலப்பட்டது. புதுக் கருவி வாங்க இயலாத குடும்பங்களுக்குக் கைகொடுப்பது பாவித்த மடிக்கணினியே. பல மாதச் சேமிப்பைக் கொடுத்து அதனை வாங்குவோர் வேகத்தை விசாரிக்கின்றனர். திரையையும் ஒலியையும் சோதிப்பவர் சிலரே. பிள்ளை பாடங் கற்பதோ அவ்விரண்டின் வாயிலாகத்தான்.

திங்க்பேட் என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்த மூன்று கருவிகளை ஒப்புநோக்கின் வேறுபாடு விளங்கும். டி 60 என்பது 2006இலும், டி 420 என்பது 2011இலும், டி 470 என்பது 2017இலும் வெளிவந்தவை.

முதலாவது, ஒளி. திரவப் படிகத் திரைக்குச் சுய ஒளி இல்லை. பின்னிருந்து வரும் விளக்கே அதற்கு ஒளி தருகிறது. டி 60இல் அவ்விளக்கு மெல்லிய குழல் விளக்காகும். நுவரெலியாவின் குளிர்காலையில் அது முழு ஒளி பெறச் சில நிமிடங்கள் செல்லும். ஆண்டுகள் ஏறியபின் மங்கி நிறமும் மாறும். பின்வந்த இரண்டிலும் எல்.இ.டி. விளக்குகள் உள்ளமையால் இக்குறை இல்லை.

இரண்டாவது, பார்வைக் கோணம். 10 அடிக்கு 12 அடி லயக் காம்பிராவில் ஒருவர் மட்டுமே திரைக்கு நேரே அமர முடியும். ஏனையோர் பக்கவாட்டில்தான் இருப்பர். டி 420இன் திரை டி.என். வகையைச் சேர்ந்தது, சாய்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு நிறம் வெளிறும். டி 470 இருவகைத் திரைகளுடன் விற்பனையாயிற்று. 1366க்கு 768 புள்ளிகள் கொண்டது டி.என். வகை; 1920க்கு 1080 புள்ளிகள் கொண்டது ஐ.பி.எஸ். வகை. பின்னதில் எப்பக்கம் இருந்து நோக்கினும் எழுத்துத் தெளிவாய்த் தெரியும். ஆகவே பெயரை மட்டும் நம்பி வாங்குதல் தகாது.

மூன்றாவது, காணொளி. இணையத்தில் வரும் காணொளி சுருக்கப்பட்ட வடிவில் வருகிறது. அதனை விரிக்கத் தனிச் சுற்று வேண்டும். டி 60இல் இக்கால வடிவங்களுக்கான சுற்று இன்மையால் செயலியே முழுப் பாரத்தையும் சுமந்து சூடேறும், படமும் தடுமாறும். டி 420 எச் 264 என்னும் வடிவை எளிதில் விரிக்கும். ஏழாந் தலைமுறைச் செயலி பூண்ட டி 470, பின்வந்த வி.பி. 9 வடிவையும் விரிக்கும்.

நான்காவது, ஒலி. தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கி பயன்படாது. காதணி ஒலிவாங்கி செருகும் துளை பழுதின்றி இருத்தல் அவசியம். தொலைக்காட்சியுடன் இணைக்க விரும்புவோர், வி.ஜி.ஏ. வழி படத்தை மட்டுமே கடத்தும் என்பதை அறிதல் நன்று. டி 60இல் உள்ளது அவ்வழி ஒன்றே. டி 470இல் உள்ள எச்.டி.எம்.ஐ. வழி ஒலியையும் சேர்த்துக் கடத்தும்.

கடையிலேயே வெண்பக்கம் ஒன்றைத் திறந்து இருபக்கமும் நகர்ந்து பார்த்தல் வேண்டும். பத்து நிமிடம் பாடக் காணொளி ஒன்றை ஓடவிட்டுக் கேட்டலும் வேண்டும். பல மாத உழைப்பின் பயன் அப்பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.