சப்வூஃபர்: 80 என்ற எண் எங்கிருந்து வந்தது?

ஹோம் தியேட்டர் ரிசீவரின் மெனுவில் ‘கிராஸ்ஓவர்’ என்று ஒரு இடம் இருக்கும். 40, 60, 80, 100, 120 ஹெர்ட்ஸ் என்று எண்கள். அந்த எண்ணுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்கு, மேலே உள்ளது ஸ்பீக்கருக்கு. கத்தியால் வெட்டின மாதிரி இல்லை. ஒன்று மெல்ல அடங்க, இன்னொன்று மெல்ல எழும்பும்.

பலரும் 80 என்று சொல்வார்கள். வீட்டு தியேட்டர்களுக்கு டிஎச்எக்ஸ் வைத்த எண் அது. காரணம் முக்கியமாக நம்ம காதுதான். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 4.3 மீட்டர். நம் காதுகளுக்கு நடுவே ஒரு சாண் கூட இல்லை. அவ்வளவு நீளமான அலை இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்து சேர்வதால் திசை பிடிபடுவதில்லை. சப் மூலையில் கிடந்தாலும் இடி திரையில் இடிப்பதாகவே நம்புகிறோம்.

150க்கு ஏற்றினால் கதை மாறும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் சுமார் 85 முதல் 180 வரை. ஹீரோ திரையில் வாயசைப்பார், குரலின் கனம் மட்டும் மூலையிலிருந்து வரும்! தீப்பெட்டி சைஸ் சாட்டிலைட் ஸ்பீக்கர் என்றால் 120, 150 வைப்பதைத் தவிர வழியில்லை; அப்போது சப்பைத் திரைக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

டவர் ஸ்பீக்கர் வாங்கியவர்களுக்கு மெனுவில் ‘ஸ்மால்’ என்று போட மனசு வராது. அது அளவைக் குறிப்பதில்லை. ‘பேஸை சப்புக்கு அனுப்பு’ என்பதுதான் அர்த்தம். தாராளமாகப் போடலாம்.

சப்பின் முதுகிலும் ஒரு கிராஸ்ஓவர் திருகு இருக்கும். அதைக் கடைசி வரை திருகிவிடுங்கள். ரிசீவரில் 80, சப்பில் 60 என்று இருந்தால் நடுவில் உள்ள ஒலியை இரண்டு பேருமே சரியாக எடுக்க மாட்டார்கள். எல்எஃப்இ என்பது தனி சேனல். அதன் அளவு 120லேயே இருக்கட்டும்.

சோதிக்க பேஸ் கிடார் போதும். அதன் நான்கு தந்திகள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் பேஸ் படியேறிப் போகும்போது 80ஐத் தாண்டித்தான் ஆகவேண்டும். அங்கே ஓரிரு ஸ்வரம் மட்டும் அமுங்கினால், சப்பும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்று சந்தேகப்படலாம். தூரத்தில் சுமார் 2.15 மீட்டர் வித்தியாசம், அதாவது அரை அலை, இருந்தாலே இது நடக்கும். சப்பில் ‘ஃபேஸ்’ சுவிட்சை 0, 180 என்று மாற்றி, உட்காரும் இடத்திலிருந்தே கேளுங்கள். எதில் அந்த ஸ்வரங்கள் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடலாம்.