பித்தம் தலைக்கேறினால்

நடவு முடிந்து கரையேறும் தஞ்சாவூர்ப் பெண்களின் குதிகால் கோடு கோடாக வெடித்திருக்கும். அதற்குப் பேர் பித்தவெடிப்பு. ராத்திரி மருதாணியும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொள்வார்கள். இளவயதில் முடி வெளுத்தால் பித்தநரை. காலையில் தலை சுற்றினால், "பித்தம் ஏறியிருக்கும், இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடி" என்பார் வீட்டுப் பாட்டி.

அந்தப் பித்தம் இன்னும் கொஞ்சம் ஏறினால் பித்து. பைத்தியமும் அதே வேரில் கிளைத்த சொல்தான். வாதம், பித்தம், கபம் மூன்றில் ஒன்று மிஞ்சினாலும் குறைந்தாலும் நோய் என்பது சித்த மருத்துவத்தின் கணக்கு. புத்தி பேதலித்தால் பேயைக் காரணம் சொன்ன ஊரிலேயே, உடம்பைக் காரணம் சொன்ன வைத்தியரும் இருந்தார். கிரேக்க மருத்துவர்களும் தீராத மனச்சோர்வுக்குக் கரும்பித்தத்தையே காரணமாகச் சொன்னார்கள்.

காவிரி கடலில் கலக்கும் புகார் நகரத் தெருவில் அப்படி ஒருவரை மணிமேகலை காட்டுகிறது. தோளில் அலரி மாலை, எருக்கம்பூ மாலை, இடுப்பில் கந்தலோடு சேர்த்துக் கட்டிய குச்சியும் தழையும். அழுகிறார், விழுகிறார், கும்பிடுகிறார், தன் நிழலோடு சண்டைக்குப் போகிறார். ஊர் அவரைக் கல்லால் அடிக்கவில்லை; பின்னாலேயே போய் வருத்தத்தோடு பார்த்து நிற்கிறது. அவர் நிலைக்கு அந்தக் காப்பியத்தைப் பாடிய சாத்தனார் வைத்த பெயர் மையல். இன்று அந்தச் சொல் காதலர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது.

சிவனுக்கே பித்தன் என்ற பட்டம் உண்டு. கல்யாணப் பந்தலில் ஓலையோடு வந்து "நீ என் அடிமை" என்று வழக்காடிய கிழவரை, மாப்பிள்ளையாக நின்ற சுந்தரர் பித்தன் என்று வைதார். வந்தவர் யாரென்று திருவெண்ணெய்நல்லூரில் தெரிந்ததும் எப்படிப் பாடுவதென்று திகைத்தார். வைத சொல்லிலேயே தொடங்கச் சொன்னார் சிவன் என்கிறது பெரியபுராணம்.

பேச்சு வழக்கில் பித்துக்கும் பைத்தியத்துக்கும் நிறம் கொடுப்பது முன்னால் வந்து ஒட்டுவதும் சொல்கிற ஆளும்தான். பணப்பைத்தியம் வசவு. சங்கீதப் பைத்தியமோ டெல்டாவில் கிட்டத்தட்டப் பாராட்டு; திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடிக்காகக் காத்துக் கிடந்தவர்கள் அதைப் பெருமையாகவே ஏற்றிருப்பார்கள். "பெத்த மனம் பித்து" என்னும்போது அது தாய்ப்பாசம். "போடா பைத்தியம்" என்று அத்தை மகள் சொன்னால் கொஞ்சல்; வரப்புத் தகராறில் பங்காளி சொன்னால் அடிதடி.

கிறுக்கு, லூசு, மறை கழண்டது என்று பட்டியல் நீளும். யாழ்ப்பாணத்தில் விசர் என்பார்கள். நம்மூர் வெறிநாய் அங்கே விசர்நாய்.

ஊர்ப் பெயர்களும் தப்பவில்லை. மனநல மருத்துவமனை இருப்பதால் சென்னையில் கீழ்ப்பாக்கம், கொழும்பு அருகே அங்கொடை. கோயிலால் காவிரிக்கரையில் குணசீலம். திருச்சிக்கு அருகே உள்ள அந்த ஊரின் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் மனநோயாளிகளை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைப்பது வழக்கம். பூசை முடிந்ததும் முகத்தில் தீர்த்தத்தை ஓங்கித் தெளிப்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோய் தீர வேண்டி மக்கள் போகும் தர்கா உள்ள ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகு இப்படிப்பட்ட தலங்களை அரசு கண்காணிக்கத் தொடங்கியது. குணசீலத்தில் இப்போது தீர்த்தத்தோடு மனநல மருத்துவரும் உண்டு.

மாறாதது கல்யாணப் பேச்சு. "கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும்" என்ற பழமொழியைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஆனால் மகனுக்கோ மகளுக்கோ தூக்கம் கெட்டு, தனியே பேசத் தொடங்கினால், நிஜமாகவே ஜாதகத்தைக் கையில் எடுக்கும் வீடுகள் இருக்கின்றன. வரன் கலைந்துவிடுமோ என்ற பயத்தில் வைத்தியம் தள்ளிப்போகிறது, நோய் முற்றுகிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.