பரிசுப் பெட்டிக்குள் நம்மூர் மல்லி

பண்டிகைக் காலம் வந்தால் பெரிய கடைகளின் கண்ணாடி அலமாரிகளில் பெண்களுக்கான சென்ட் பரிசுப் பெட்டிகள் வரிசைகட்டி நிற்கும். ஒரு புட்டி பர்ஃப்யூம், அதே வாசனையில் பாடி லோஷன், கைப்பையில் அடங்கும் 10 மில்லி ஸ்ப்ரே என்று உள்ளே அடுக்கியிருப்பார்கள். ‘வார்ம் ஃப்ளோரல்’ வேண்டும் என்று கேட்டால், மல்லிகை, சம்பங்கி போன்ற பூக்களோடு வெனிலா, சந்தனம், ஆம்பர் சேர்ந்த ரகத்தை எடுத்து நீட்டுவார்கள். பெயர் பிரெஞ்சில் இருக்கும். உள்ளே இருக்கும் பூ தமிழ்நாட்டுத் தோட்டத்தில் பறித்ததாகவும் இருக்கலாம்.

சத்தியமங்கலம், நிலக்கோட்டை சந்தைகளுக்கு வரும் பூவெல்லாம் மாலைக்கும் கூந்தலுக்கும் போவதில்லை. வரத்து அதிகமாகி விலை சரியும் நாட்களில் சென்ட் ஃபேக்டரிகள் மூட்டை மூட்டையாக வாங்குகின்றன. பூக்கட்டுபவருக்கு மொட்டு வேண்டும். ஃபேக்டரிக்கோ மலர்ந்த பூ வேண்டும். அதனால் பகலில் வாங்கிய குண்டுமல்லி மொட்டுகளைப் பரப்பி வைத்து, இரவில் அவை விரியும்வரை காத்திருப்பார்கள். வாசனை உச்சத்துக்கு வந்ததும் கலனில் கொட்டி, ஹெக்ஸேன் என்ற கரைப்பானைப் பாய்ச்சுவார்கள். கரைப்பானை ஆவியாக்கி எடுத்தபின் மெழுகு போன்ற ஒரு பொருள் மிஞ்சும். அது ‘கான்கிரீட்’. அதை ஆல்கஹாலில் கரைத்து மெழுகைப் பிரித்தால் கிடைப்பது ‘அப்சல்யூட்’. ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு அரை டன்னுக்கு மேல் பூ போடவேண்டும். இந்தச் சாறுதான் பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது.

பிரான்சின் கிராஸ் நகரம் ஒரு காலத்தில் தோல் பதனிடும் ஊர். தோல் கையுறைகளின் வாடையைப் போக்க வாசனை பூசத் தொடங்கி, பிறகு வாசனைத் தொழிலுக்கே தலைநகரானது. அந்த வட்டாரத்தின் வாசனைக் கலையை யுனெஸ்கோ 2018-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1921-இல் வெளிவந்த ‘ஷனெல் நம்பர் 5’ சென்டில் கிராஸ் மல்லிகை சேர்ந்தது. 1930-இல் ழான் பட்டூ நிறுவனம் கொண்டுவந்த ‘ஜாய்’, ஒரு அவுன்சுக்கு 10,600 மல்லிகைப் பூக்கள் என்று சொல்லியே விற்றது.

சென்டில் பூவாசனை மட்டும் இருந்தால் சீக்கிரம் பறந்துவிடும். வெனிலா, சந்தனம், கஸ்தூரி வகைகளின் மூலக்கூறுகள் மெதுவாகத்தான் ஆவியாகும். முதல் கால்மணி நேரத்தில் எலுமிச்சை மாதிரி ஒன்று மூக்கில் ஏறும். அடுத்துப் பூ வரும். மாலையில் தோலில் தங்கியிருப்பது வெனிலா, சந்தனம் போன்ற அடிவாசனைதான். கடையில் காகிதத் துண்டில் முகர்ந்த உடனே பணம் கட்டுவது வீண். மணிக்கட்டில் ஒரு துளி போட்டு, சில மணி நேரம் வெளியே சுற்றிவிட்டு வாருங்கள். நம் ஊர் வெயிலில் கனமான வாசனை இன்னும் கனக்கும் என்பதால், பகலுக்கு ஒரு ஸ்ப்ரே போதும்.

பெட்டியின் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் மில்லியைப் பாருங்கள். சென்ட் 50 மில்லியா, 100 மில்லியா? ஓ டி பர்ஃப்யூம் எனும் ஈ.டி.பி.யா, ஓ டி டாய்லெட் எனும் ஈ.டி.டி.யா? ஈ.டி.பி.யில் வாசனைச் சாறு அதிகம். தோலில் கூடுதல் நேரம் நிற்கும். தனிப் புட்டியின் விலையையும் கேளுங்கள். பெட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு லோஷன் ஈடாகிறதா என்பது அப்போது தெரியும். லோஷன் சும்மா அல்ல; ஈரப்பதமுள்ள தோலில் வாசனை நன்றாக ஒட்டும். இறக்குமதிச் சரக்கென்றால், இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. அச்சிட்ட லேபிள் இருக்கவேண்டும். அது இல்லாத பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். வாங்கிய புட்டியை ஜன்னலோரம், குளியலறை இரண்டிலும் வைக்காதீர்கள்; வெளிச்சமும் சூடும் வாசனையைக் கெடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விஷயம். மல்லிகை வாசனையே சிலருக்குத் தலைவலி. சென்டில் இருக்கும் லினலூல் போன்ற பொருட்கள் சிலருக்குத் தோல் அரிப்பு தரும். பரிசு பெறப்போகும் அம்மாவிடமோ அக்காவிடமோ மனைவியிடமோ முதலில் கேட்டுவிடுங்கள். திடீரென்று கொடுத்து அசத்துவதைவிட, அவர் நாள்தோறும் போட்டுக்கொள்ளும் சென்ட்டே நல்ல பரிசு.