கருப்பட்டி நிறமா, கோப்பி நிறமா?

தேக்காவில் பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அருகருகே இருக்கின்றன. ஆங்கிலத்திலும் மலாயிலும் இரண்டுக்கும் எருமை என்றே பொருள். 19ஆம் நூற்றாண்டில் இங்கு நடந்த மாட்டு வியாபாரத்தின் எச்சம் அந்தப் பெயர்கள். இன்று அங்கே மாடுகள் இல்லை. ஆனால் தோல் பையும் பர்ஸும் செருப்பும் நம்மிடம் இருக்கின்றன, பெரும்பாலும் பழுப்பு நிறத்தில்.

அந்தப் பழுப்பு மங்கினால் வீட்டிலேயே சாயம் பூசிப் பார்க்கலாம். ஆனால் தோலில் ஊறிய சாயத்தை முழுதாகத் திரும்ப எடுக்க முடியாது. அப்பாவின் பழைய கைப்பை என்றால் இன்னும் கவனம் தேவை. புட்டியில் ‘பிரவுன்’ என்று ஒரே சொல்தான் இருக்கும். நமக்கு வேண்டியதோ கருப்பட்டியின் பழுப்பா, புளியின் பழுப்பா, பால் விட்ட கோப்பியின் பழுப்பா?

சொட்டுக் கணக்கு

வானவில்லில் பழுப்பு கிடையாது. இருண்ட ஆரஞ்சுதான் பழுப்பு. மஞ்சளையும் சிவப்பையும் கலந்து, சிறிது நீலம் சேர்த்தால் அது பிறக்கும். கலவை சிவப்படித்தால் ஒரு சொட்டு பச்சை, ஆரஞ்சடித்தால் நீலம், மஞ்சளடித்தால் ஊதா. கறுப்பைக் கடைசியில்தான் தொட வேண்டும். எத்தனை சொட்டு என்பதை எழுதி வையுங்கள். பாதிப் பையில் சாயம் தீர்ந்தால் அதே நிறத்தை மறுபடி கலக்க அந்தத் தாள்தான் துணை.

சாயத்தின் வழியே தோலின் சொந்த நிறமும் தெரியும். அதனால் இருப்பதைவிட வெளிறிய நிறம் கிடைக்காது. ஈரத்தில் கறுத்துத் தெரிவது காய்ந்ததும் வெளுக்கும். மெழுகு பூசினால் மீண்டும் சற்று ஆழமாகும். எனவே மறைவான ஓரத்தில் தடவி, நன்றாகக் காயவிட்டு, மெழுகும் பூசி, சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்ப்பதும் நல்லது. அது உள்ளே இறங்காமல் உருண்டு நின்றால், மேல்பூச்சை நீக்காமல் சாயமும் இறங்காது.

ஆவாரையும் கடுக்காயும்

தமிழ்நாட்டில் தோல் பதனிடுவோர் இந்த வேதியியலை எப்போதோ கையாண்டார்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவக்கும். அதைத் தடுக்கக் கடுக்காய் நீரில் ஊறவைத்தார்கள். இப்படி மரப்பட்டையிலும் காயிலும் பதனிட்ட ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது.

அத்தகைய தோலில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புடன் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காய் மை தயாரானதும் இப்படித்தான். இரும்பாணி ஊறிய வினிகரை மிக நீர்க்கத் தடவினால், கறுப்புச் சாயம் இல்லாமலே பழுப்பை அடர்த்தியாக்கலாம். குரோமியத்தில் பதனிட்ட தோலில் இது பலிக்காது.

ஸ்பிரிட் கலந்த சாயம் சட்டென்று தீப்பற்றும். வீவக வீட்டுச் சமையலறையில் வேண்டாம். அடுப்பிலிருந்து தள்ளி, திறந்த சன்னலருகே, கையுறையோடு பூசுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அரைகுறையாகக் காய்ந்த பையை அலமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மெல்லிய பூச்சாக இரண்டு முறை போதும். போதாவிட்டால் நாளை மூன்றாவது பூசிக்கொள்ளலாம்.